கருநிறப் பீரைச் சுவைத்தறிதலும் தமிழ்ச் சுவைச்சொற்களும்: பெரும்பாணாற்றுப்படையின் நறும்பிழிக் குறிப்பை முன்வைத்து

முன்னுரை

மதுவைச் சுவைத்துத் தரமறியும் கலைக்குத் தமிழில் சொல்வளம் இல்லை என்னும் கருத்து பரவலாக உள்ளது. பீரைக் குறித்த இன்றைய தமிழ்ப் பேச்சு ‘கசக்கும்’, ‘குளிர்ந்திருக்கும்’ என்னும் இரு சொற்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் நிலை வேறு. 1979ஆம் ஆண்டு மார்ட்டன் மெய்ல்கார்டும் அவருடைய உடனாய்வாளரும் வெளியிட்ட பீர்ச் சுவைச் சக்கரம், நாவும் மூக்கும் அறிவனவற்றை 14 பகுப்புகளில் 44 சொற்களாக வரையறுத்தது. ஒரு சொல்லைக் கேட்டதும் சுவைப்பவர் அனைவரும் ஒரே உணர்வை நினைவிற் கொள்ளவேண்டும் என்பதே அச்சக்கரத்தின் நோக்கம். அத்தகைய வரையறை தமிழில் இயலாதா, அல்லது இருந்த சொற்கள் வழக்கிழந்தனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. வறுத்த முளைதானியத்தால் ஆக்கப்படும் கருநிறப் பீர் இவ்வினாவிற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. எளிய வெளிர்நிறப் பீரை இரண்டு சொற்களால் சொல்லி முடித்துவிடலாம். கருநிறப் பீரை அவ்வாறு முடிக்க இயலாது.

ஆய்வுக்களம் தொண்டை நாடு. பழைய தொண்டை நாட்டின் வடகிழக்குப் பகுதியாகிய திருவள்ளூர் மாவட்டம், 1997இல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கத்தில் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தின் பீர் ஆலை இயங்குகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பணிபுரிகின்றனர். இந்நிலப்பகுதியின் பழைய வேந்தனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையே, தானியத்திலிருந்து மது ஆக்கும் முறையைச் சங்கப் பாட்டுகளுள் மிக விரிவாகக் கூறுகிறது என்பதால் இக்களத்தேர்வு பொருந்துகிறது.

கோப்பையில் காண்பன

தமிழர் வாழும் நிலப்பரப்பில் நெடுங்காலமாக ஆக்கப்பட்டு உலகப் பெயர் பெற்ற கருநிறப் பீர் இலங்கையின் ‘லயன் ஸ்டவுட்’ ஆகும். நுவரெலியாவில் 1881இல் வணிக முறையில் தொடங்கிய சிலோன் புரூவரி, தன் தொடக்கத்தை அம்மலையூரில் 1849இல் சாமுவேல் பேக்கர் அமைத்த சிற்றாலையோடு தொடர்புபடுத்திக் கூறும். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்கண் தேடிச்சென்ற பேக்கரே இவர். தேயிலைத் தோட்டத் தமிழர் மிகுந்த அம்மலைநாட்டில் தொடங்கிய ஆலை, 1990களில் கொழும்பை அடுத்த பியகமவுக்கு இடம்பெயர்ந்தது. ஆங்கிலப் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (1942–2007) இதனைத் தம் நூல்களில் போற்றிய பின்னரே உலகச் சுவைஞர் கவனம் இதன்மேல் திரும்பிற்று. அடைப்பில் குறிக்கப்படும் மதுச்சாரம் 8.8 விழுக்காடு. பொதுவான பீரைவிட இது ஏறத்தாழ இருமடங்கு.

இதனைக் கோப்பையில் வார்த்தால் முதலில் தென்படுவது நிறம். மேலே பழுப்பு நுரை. கீழே ஒளி புகாத கருமை. ஆயினும் கோப்பையைச் சாய்த்து விளக்கொளிக்கு நேரே பிடித்தால் விளிம்பு செம்மணி நிறத்தில் தெளிவாக ஒளிரும். இங்கேயே ஒரு சொற்சிக்கல் எழுகிறது. ‘தெளிவற்றது’ என்று இதனைச் சொல்லலாகாது. இது கரியது, ஆனால் கலங்கியதன்று. நிறத்தையும் தெளிவையும் வேறுபடுத்துவது சுவைத்தறிதலின் முதற்படி. சங்கச் சொற்கள் இவ்வேறுபாட்டை அறிந்தவை. வடித்துத் தெளிந்தது தேறல். மண்டியோடு கூடியது கலங்கல். புறநானூற்றின் 298ஆம் பாடல் இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்தி, வேந்தன் எதனை யாருக்கு அளித்தான், எதனைத் தான் பருகினான் என்பதையே பொருளாகக் கொள்கிறது. இரண்டும் ஒருபொருட் பன்மொழிகளாயின் அப்பாடல் பொருளற்றதாகிவிடும். இன்று சிற்றாலைகள் வடிகட்டாமல் தரும் பீரைக் கலங்கல் என்றும், வடிகட்டித் தருவதைத் தேறல் என்றும் வழங்குவதற்குத் தடையேதும் இல்லை. அவ்வகையில் கருநிற ஸ்டவுட் ஒரு கருந்தேறல்.

மதுப்பெயர்களின் மூவகை

தேறல், கலங்கல் என்பன மட்டுமல்ல. அரித்தலால் அரியல், பிழிதலால் பிழி எனச் செய்முறையால் அமைந்த பெயர்கள் ஒருவகை. நறுமணத்தால் நறவு எனப் புலனுணர்வால் அமைந்தன இரண்டாம் வகை. மகிழ் என விளைவால் அமைந்தன மூன்றாம் வகை. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் இவற்றையெல்லாம் கள்ளின் பெயர்கள் என ஒரே வரிசையில் தொகுத்தன. தொகுத்தது பெருந்தொண்டு; எனினும் அதனால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று. வெவ்வேறு பொருள்களுக்கு, அல்லது ஒரே பொருளின் வெவ்வேறு நிலைகளுக்கு உரிய சொற்கள், செய்யுளில் எதுகை மோனைக்கு ஏற்ப ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத்தக்கனவாயின. திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தில் கள்ளுண்பவனின் இழிவு பேசப்படுகிறதேயன்றிக் கள்ளின் சுவை குறித்து ஒரு சொல்லும் இல்லை. அறநூலுக்கு அது வேண்டுவதும் அன்று. ஆனால் பிற்காலத் தமிழ் உரைநடை மதுவைப் பேசும்போதெல்லாம் அறநூலின் குரலையே மேற்கொண்டதால், நாவின் சொற்கள் பயன்பாடின்றி அகராதிக்குள் தங்கின.

வலைஞர் குடியில் வடித்த பிழி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. அதில் எயினர் வாழ்வைக் கூறும் பகுதியில் வீட்டில் ஆக்கப்படும் ‘தோப்பி’ இடம்பெறுகிறது. அதனினும் விரிவானது வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதி. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர், வாயகன்ற பிழாவில் இட்டு ஆற விடுகின்றனர், புற்றினுள் இருக்கும் குரும்பியை ஒத்த தோற்றமுடைய நல்ல ‘அடை’யை அதனோடு கலக்கின்றனர், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வலிய வாயையுடைய சாடியில் விளையவைக்கின்றனர், பின்னர் விரலால் அலைத்து வடிக்கின்றனர். அப்பிழியைச் சுட்ட மீனோடு பாணர்க்கு அளிப்பர் என்பது பாட்டு. மூலப்பொருள், கலன், வெப்பநிலை, கால அளவு, வடிக்கும் முறை என ஒரு செய்முறைக் குறிப்புக்கு வேண்டியன அனைத்தும் ஏழெட்டு அடிகளுக்குள் அமைந்துள்ளன.

இப்பகுதியில் சுவைத்தறிவோர் ஊன்றிக் கற்கவேண்டிய சொல் ‘வழைச்சு’. இளமை, புதுமை என்பன அதன் பொருள். சாடியிலிருந்த பிழி வழைச்சு நீங்கும்படி விளைந்தது என்கிறார் புலவர். நொதித்தல் முடிந்தும் முதிராத பீரை ஆங்கில ஆலை வழக்கு ‘பச்சைப் பீர்’ என்று குறிக்கும். அசிட்டால்டிஹைடு என்னும் பொருள் எஞ்சியிருப்பதால் அதில் பச்சை ஆப்பிளின் நெடி வீசும். முதிர முதிர அது மறையும். தமிழ் அடுக்களையிலும் மசாலை வதங்காதபோது ‘பச்சை வாசனை போகவில்லை’ என்பர். இம்மூன்று வழக்குகளும் ஒரே உணர்வைச் சுட்டுகின்றன. குறைபாடு ஒன்றுக்கும், அது நீங்கிய நிலைக்கும் தனிச்சொல் வைத்திருப்பது சுவைத்தறியும் மரபு இருந்தமைக்கு உறுதியான சான்று. மயக்கத்தை மட்டுமே நாடுவோர்க்கு வழைச்சு என்னும் சொல் தேவைப்பட்டிராது.

அடை எது?

1889இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் உள்ள நச்சினார்க்கினியர் உரை, ‘அடை’ என்பதற்கு இடித்த முளை என்று பொருள் காண்கிறது. அவ்வாறாயின் வலைஞர் ஆக்கியது முளைதானியத்தின் நொதிகளால் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் முறை. ஐரோப்பியப் பீரின் முறையும் அதுவே. உரையாசிரியர் தம் காலத்து வழக்கை அறிந்தே எழுதியிருக்கக்கூடும் என்பதால் இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் பாட்டிலுள்ள மூன்று குறிப்புகள் வேறொரு பொருளை நோக்கிச் செலுத்துகின்றன.

முதலாவது வெப்பநிலை. முளைதானிய நொதிகள் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சிறப்பாகத் தொழிற்படும். முளையை மட்டுமே சேர்ப்பதானால் களி சூடாக இருக்கும்போதே சேர்ப்பது பயன் தரும். பாட்டிலோ நன்கு ஆறிய பின்னரே அடை சேர்க்கப்படுகிறது. உயிருள்ள ஒன்றைச் சேர்க்கும்போதே ஆறவைத்தல் இன்றியமையாதது.

இரண்டாவது உவமை. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கரையான் தன் புற்றினுள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டமே அது. கடற்பஞ்சு போன்ற துளைகளும் மேலே வெண்மணிகள் போன்ற முடிச்சுகளும் உடையது. பூஞ்சை படர்ந்த அடைக்குப் பூஞ்சை படர்ந்த குரும்பியை உவமையாக்கியது வெறும் வடிவ ஒப்புமையன்று எனத் தோன்றுகிறது.

மூன்றாவது, அடையின் புறத்திற்கு அடைமொழியாக வரும் ‘பூ’ என்னும் சொல். உரை இதனைப் பொலிவு எனக் கொண்டது. உப்புப் பூத்தல், பூசணம் பூத்தல், பூஞ்சை என்னும் வழக்குகளை நோக்கின், மேற்புறத்தில் வெண்மையாகப் படர்ந்தது என்னும் பொருளும் அங்குப் பொருந்தும்.

சந்தால், முண்டா மக்கள் ஆக்கும் ‘ஹண்டியா’ என்னும் அரிசி மது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. அரிசி மாவோடு வேர், இலைகளைச் சேர்த்து உருட்டி உலர்த்திய ‘ரானு’ என்னும் வில்லையே அதன் தொடக்கப்பொருள். பூஞ்சையும் ஈஸ்ட்டும் அதில் ஒருங்கே உறைகின்றன. சோற்றைச் சமைத்து, ஆறவைத்து, வில்லையைப் பொடித்துக் கலந்து, பானையில் சில நாள் வைத்து, நீர் சேர்த்து வடிப்பர். பெரும்பாணாற்றுப்படையின் வரிசை ஏறக்குறைய மாறாமல் அங்கே இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கும்மிடிப்பூண்டிக்கு வருவோரின் சொந்த ஊர்களில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. தொண்டை நாட்டில் வழக்கொழிந்த ஒரு செய்முறையை நேரில் அறிந்தவர்கள் அந்நாட்டின் தொழிற்பேட்டையிலேயே இருக்கக்கூடும். பாட்டைப் பயில்வோர் அவர்களிடம் கேட்டறிய வேண்டியவை பல. தமிழ்த்துறைக் களப்பணி இத்திசையில் இதுவரை மிகுதியாகச் செல்லவில்லை. அடை என்பது முளையும் பூஞ்சையும் சேர்ந்ததோர் வில்லையாக இருந்திருப்பின் உரையும் பாட்டும் முரணின்றி நிற்கும்.

கருமை வந்த வழி

வலைஞர் பிழி வெளிர்நிறத்ததாகவே இருந்திருக்கும். அரிசியை வறுத்ததாகப் பாட்டு கூறவில்லை. மதுவின் கருமைக்குரிய சொல்லைச் சங்கப் பாட்டில் தேடுவது ஆதலால் பயனற்றது. இந்தியாவில் கருநிறத் தானிய மது இல்லாமலில்லை. அசாமின் மிசிங் மக்கள் நெல்லுமியையும் வைக்கோலையும் எரித்த கரியைச் சோற்றோடு கலந்து ‘போரோ அபோங்’ என்னும் கரிய மதுவை ஆக்குகின்றனர். அங்கே கருமை உமிக்கரியால் வருவது. ஐரோப்பாவில் அது வறுத்த தானியத்தால் வந்தது. 1817இல் டேனியல் வீலர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற சுழலும் வறுகலன், தானியத்தைத் தீப்பற்றாமல் 200 பாகைக்கும் மேல் வறுக்க வழிசெய்தது. அதன்பின் மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைந்த கருவறுவலே முழுப் பீரையும் கருக்கப் போதுமானதாயிற்று.

வறுவலின் சொற்களைத் தமிழ் மதுவிலிருந்து பெற இயலாவிடினும் அடுக்களையிலிருந்து பெறலாம். வெதுப்பல், வாட்டல், வறுவல், முறுகல், கருகல், தீய்தல் என வெப்பத்தின் படிகளைத் தமிழ்ப் பேச்சு நுட்பமாகப் பிரிக்கிறது. முறுகல் விரும்பப்படுவது, தீய்தல் வெறுக்கப்படுவது, கருகல் இரண்டிற்கும் இடைப்பட்டது. நல்ல ஸ்டவுட்டின் மணம் கருகலின் இப்பக்கத்தில் நிற்பது. தீய்ந்த சோற்றின் நெடி வந்தால் அது குறை. இதற்குப் பின்னணியாக நூறாண்டுக் காப்பிப் பழக்கமும் உள்ளது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ காட்டுமாறு, காலனியக் காலத்தில் ஐயத்தோடு வரவேற்கப்பட்ட காப்பி தமிழ் நடுத்தர வகுப்பின் அடையாளமாகவே மாறியது. அதன்வழி வறுபட்ட கைப்பைச் சுவையாகக் கொள்ளும் பயிற்சி தமிழ் நாவுக்கு வாய்த்தது. சிக்கரி கலந்த வடிகாப்பியை அறிந்தவருக்கு ஸ்டவுட்டின் முதல் மணம் புதிதன்று.

ஜாக்சன் லயன் ஸ்டவுட்டில் உலர்ந்த பிளம் பழத்தையும் சாக்லேட்டையும் காப்பியையும் கண்டார். அவர் நினைவுக் கிடங்கில் இருந்தவை அவை. அதே மணத்தைத் தமிழில் கூறப் பிளம் பழத்தைக் கடன்வாங்குவதைவிடக் கருப்பட்டியைச் சொல்வது பொருந்தும். காய்ச்சிய பதநீரின் இனிப்பு, அடியில் இழையும் புகை, சிறு உவர்ப்பு ஆகியன கருப்பட்டி என்னும் ஒரு சொல்லில் அடங்கும். உலர்பழ மணத்திற்குப் பேரீச்சை போதும். மெய்ல்கார்டின் சக்கரத்தை அப்படியே பெயர்த்தால் தமிழருக்குப் பழகாத பழங்களின் பட்டியலே மிஞ்சும்.

கைப்பு, துவர்ப்பு, காறல், கடுப்பு

வாயில் அறிவனவற்றில் தமிழின் வலிமை தெளிவாகப் புலப்படுகிறது. புதிதாகப் பயில்வோர் ஆங்கிலத்தில் கைப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்வது பயிற்சியாளர் அறிந்த இடர்ப்பாடு. அறுசுவை மரபு இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டது. ஹாப்ஸ் பூ தருவது பாகற்காயின் இனமான கைப்பு. அது நாவின் பின்புறத்தில் நிற்கும். தானியத்தின் உமி தருவது வாழைப்பூவின் இனமான துவர்ப்பு. அது கன்னங்களை உட்புறமாக இழுக்கும். மிகவறுத்த தானியம் தொண்டையில் தருவது சேனையின் இனமான காறல். இம்மூன்றையும் ‘கசப்பு’ என ஒன்றாக்குவது இன்றைய பேச்சு வழக்கின் வறுமையேயன்றி மொழியின் வறுமையன்று. வறுத்த தானியம் சேர்ந்த பீரில் மெல்லிய புளிப்பும் இருக்கும்; காப்பியின் புளிப்பை அறிந்தவர் அதனை உடனே இனங்காண்பர்.

வலிய ஸ்டவுட்டின் மதுச்சாரம் விழுங்கிய பின்னரே தெரியும். நெஞ்சில் இறங்கும் அவ்வெம்மைக்குச் சங்கப் புலவர் தந்த உவமைகள் கூர்மையானவை. நாள்பட்ட தேறலுக்குத் தேளின் கடுப்பை உவமையாக்குகிறது புறநானூற்றின் 392ஆம் பாடல். சிறுபாணாற்றுப்படையும் அகநானூற்றின் 348ஆம் பாடலும் சினங்கொண்ட பாம்பை உவமிக்கின்றன. இவை மயக்கத்தின் அளவைக் குறிப்பன என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தேள் கொட்டியவுடன் வலி ஓரிடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். முதல் மடக்கில் மறைந்திருந்து பின் மேலெழும் வெம்மையின் போக்கை உணர்ந்தவரே அவ்வுவமையைத் தேர்ந்திருப்பர் எனலாம். ‘கடுப்பு’ என்னும் சொல் சுவைத்தறிவோர் மீண்டும் கையாளத்தக்கது.

வாயின் நிறைவைக் கூறுவதில் மட்டும் தமிழ் சற்றே தடுமாறுகிறது. ‘கெட்டி’, ‘நீர்த்தது’ என்பன அளவைச் சொல்லுமேயன்றித் தன்மையைச் சொல்லா. கூழ், கஞ்சி, மோர் ஆகியவற்றின் பதங்களைக் கொண்டு ‘கேழ்வரகுக் கஞ்சிப் பதம்’ என்றாற்போலக் கூறலாம். கலைச்சொல் ஆக்குவோர் ‘கொழுமை’ என்பதைப் பரிந்துரைக்கக்கூடும். ஆனால் நெய்ப்பற்று இல்லாத ஒன்றிற்கு அச்சொல் முழுதும் ஒட்டவில்லை.

இச்சொற்கள் பயன்படும் இடம் குறித்து ஐயம் எழலாம். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது வெளிர்மஞ்சள் லாகர். 2010இல் பெங்களூரில் தொடங்கிய டாய்ட் போன்ற சிற்றாலைகளில்தான் கருநிறப் பீரை ஆக்கிய இடத்திலேயே பருகும் வாய்ப்பு உண்டு. ஆயினும் சுவையுணர்ச்சொற்களின் தேவை மதுவோடு முடிவதன்று. காப்பி, தேயிலை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றின் தரமறிதலுக்கும் இதே சொற்களே வேண்டும். குத்தம்பாக்கம் போன்ற ஊர்களின் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்குச் செல்லும் தமிழ்வழி மாணவர், நாவில் உணர்வதை முதலில் தம் மொழியில் பெயரிட்டறிய வாய்ப்பின்றி ஆங்கிலப் பட்டியலை மனனம் செய்யும் நிலை மாறவேண்டுமாயின், துறைசார் அகராதிகள் வழைச்சு, கலங்கல், காறல், கடுப்பு ஆகியவற்றை வெறும் பழஞ்சொற்களாகப் பதியாமல், ஒவ்வொன்றுக்கும் உரிய மாதிரிப் பொருளோடு பதிதல் வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படை பிழியோடு சுட்ட மீனைச் சேர்த்தளித்ததும் சுவைநோக்கில் பொருளுடையது. வெளிர்ந்த, மெல்லிய புளிப்புடைய அரிசிப் பிழிக்கு வேண்டிய கருகலை மீனின் சுட்ட தோல் தந்தது. ஸ்டவுட்டில் அக்கருகல் மதுவினுள்ளேயே அமைந்திருக்கிறது. சுட்ட மீனின் தோலிலும் வறுத்த முளையிலும் நிறமும் மணமும் தோன்றுவது, சர்க்கரையும் அமினோ அமிலமும் வெப்பத்தில் கூடும் மெயிலார்டு வினையாலேயே.